ஒரு முழம் சினிமா

பூவை முழம் போட்டு வாங்குவோம். ரவிக்கைத் துணியை முழம் போட்டு வாங்குவோம். சினிமாவை முழம் போட்டு வாங்கிய சனம் உண்டா என்றால், உண்டு. எங்கள் பக்கத்துச் சனம்தான். என் வயதுக்காரர்களில் யாராவது அரியலூர், செந்துறைப் பக்கம் பிறந்திருந்தால் இதைப் படித்ததும் "அட, ஆமாம்!" என்று தொடையைத் தட்டக்கூடும். தட்டுங்கள். சிரிப்பதை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கச்சிக்காக இதைச் சொல்கிறேன். அவள் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இருந்தவரைக்கும் இந்தப் பேச்சை எடுத்தாலே, "வுடுக்கா, வேற பேசு" என்பாள். இப்போது விடச் சொல்ல ஆளில்லை.

எங்கள் ஊர் அரியலூருக்கும் செந்துறைக்கும் நடுவில். பஸ் நின்றால் ஆளைவிடப் புழுதிதான் அதிகம் இறங்கும். அப்பா சுண்ணாம்புக்கல் குவாரியில் கல் உடைத்தார். உச்சி வேளையில் அங்கே வெடி வைப்பார்கள். எங்கள் வூட்டு அலமாரியில் ஈயத் தட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். சாயங்காலம் அப்பா வரும்போது கண் இமையெல்லாம் வெள்ளையாக இருக்கும். அம்மா சொல்லுவாள்: "வாங்க வாங்க, காலையில போனது புருசன், வர்றது மாமனாரு."

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வாயைத் திறந்தால் சொலவடைதான் வரும். சோறு குழைந்தால் ஒன்று, மழை பொய்த்தால் ஒன்று, பக்கத்து வூட்டுக்காரி புதுச்சேலை கட்டினால் இரண்டு. நான் பள்ளிக்கூடத்தில் கற்றது கொஞ்சம். மிச்சமெல்லாம் அம்மா வாயிலிருந்து பொறுக்கியதுதான். தெரிந்த விஷயமானாலும் தெரியாத விஷயமானாலும் ஒரு சொலவடையைப் போட்டு மூடிவிட்டால் அது அடங்கிவிடும் என்று அவள் நம்பினாள். நானும் நம்பினேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் ஏர் ஓட்டினால் கல்லாய்ப்போன சங்கு வெளியே வரும். கடலையே பார்க்காத ஊரில் சங்கு. பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் ஒரு மரமே கல்லாய்க் கிடக்கிறது. ஒன்று இன்னொன்றாய் மாறிவிடும் என்பது எங்களுக்குக் கதையில்லை, காலில் இடறுகிற சங்கதி.

தங்கச்சி அப்போதுதான் ஒண்ணாவது சேர்ந்திருந்தாள். அவள் நடந்து யாரும் பார்த்ததில்லை. எங்கே போனாலும் ஓட்டம்தான். குவாரியில் வெடிச் சத்தம் கேட்டதும் அது தனக்குத்தான் அடித்த மணி மாதிரி வாசலுக்கு ஓடுவாள். தண்ணீர் கொண்டுவரச் சொன்னால் பாதி வழியிலேயே சிந்திவிடும். "இவ காலுக்கு ஒரு மூக்கணாங்கவுறு போட்டாத்தான் ஆவும்" என்று அம்மா திட்டுவாள். வெறும் பேச்சுதான். எந்த அம்மா சொல்லவில்லை? ஆனால் அந்த வார்த்தைதான் பிற்பாடு அம்மாவைத் தின்றது.

ஆடி மாதச் சந்தையில் அப்பா அவளுக்கு ரப்பர் செருப்பு வாங்கி வந்தார். நீல வார். "வளர்ற காலு" என்று ஒரு அளவு பெரிதாகவே வாங்கியிருந்தார். அதைப் போட்டுக்கொண்டு அவள் ஓடினால் தட் தட் என்று தெரு முழுக்கக் கேட்கும்.

அந்த ஆடியில்தான் எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருந்த டூரிங் கொட்டாய்க்கு அந்தப் பொம்மைப் படம் வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சலுகைக் காட்சி. எங்கள் டீச்சர் திருச்சிக்காரர். அவர்தான் சொன்னார்: "இது பசங்களுக்காக ஒருத்தர் எழுதின புத்தகம். அதைத்தான் வரைஞ்சு வரைஞ்சு படமா எடுத்திருக்காங்க. நான் ஹாஸ்டல்ல படிச்சிருக்கேன்." வரைந்த படம் எப்படி நடக்கும் என்று எங்களுக்குப் புரியவில்லை. "பாக்கத்தானே போறீங்க" என்றார்.

படம் இங்கிலீஷில் பேசியது. அது புரியாது என்று கொட்டாய் மேனேஜரே மைக்கைப் பிடித்துக்கொண்டு கதை சொன்னார். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, தெரியாது. "இப்ப பாருங்க, பாப்பா தோட்டத்துக்குள்ளார போவுது. அது காத்தோட தோட்டம். அங்க யாரும் நிக்கக்கூடாது, போயிட்டே இருக்கணும். நின்னா? வேர் வுட்டுரும்!"

அந்தப் பாப்பா ஓடிக்கொண்டே இருக்கிறாள். காற்று துரத்துகிறது. வழியில் ஒரு எலிக்குஞ்சு கால் ஒடிந்து கிடக்கிறது. அதை எடுக்க நிற்கிறாள். கொஞ்ச நேரம்தான். காலிலிருந்து வெள்ளை வெள்ளையாக வேர் இறங்குகிறது, மண்ணுக்குள் போகிறது. பாப்பா இழுக்கிறாள், வரவில்லை. கொட்டாய் முழுக்கப் பிள்ளைகளின் அலறல். தங்கச்சி என் மடியில் ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டு, பாவாடையை நனைத்துவிட்டாள்.

அப்புறம் மழை, பனி, வெயில். பாப்பாவின் தலையில் குருவி கூடு கட்டுகிறது. கடைசியில் அந்த எலிக்குஞ்சு பெரிதாகி, ஊரில் உள்ள எலியையெல்லாம் கூட்டிக்கொண்டு வருகிறது. மண்ணைப் பறித்து, வேரைக் கடித்து, கடித்து... பாப்பா ஒரு காலைத் தூக்குகிறாள். மண் உதிர்கிறது. எடுத்து வைக்கிறாள். இன்னொரு கால். அப்புறம் ஓட்டம். நேராக அம்மாவிடம். "போயிடுச்சு பாருங்க, பாப்பா போயே போயிடுச்சு!" என்று மேனேஜர் மைக்கிலேயே அழுதார். தங்கச்சி எழுந்து நின்று கை தட்டினாள்.

திரும்பும்போது அவள் என் கையைப் பிடிக்கவில்லை. ஊர் வரைக்கும் ஓடினாள். "ஏய், நில்லுடி!"

"நின்னா வேர் வுட்டுரும்க்கா!"

பொழுது இறங்கிய செம்மண் ரோட்டில் அந்த நீலச் செருப்பு தட் தட் என்று முன்னால் போனது. அந்தச் சத்தத்தை நான் மறக்கவில்லை.

இரண்டு மூன்று நாளில் காய்ச்சல். ஊரில் அப்போது பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்துபோய்க்கொண்டுதான் இருந்தது. கஷாயம் கொடுத்தார்கள், நெற்றியில் பத்து போட்டார்கள், காய்ச்சல் இறங்கியது. இறங்கிய அன்று காலையில் எல்லோரும் எழுந்துவிட்டோம், அவள் பாயிலேயே கிடந்தாள்.

"எழுந்திரிடி, கஞ்சி ஆறுது."

"காலு வல்லம்மா."

அம்மா தூக்கி நிறுத்தினாள். இரண்டு காலும் ஈரத்துணி மாதிரி மடங்கின. அம்மா மறுபடி நிறுத்தினாள். மறுபடி மடங்கின. விளையாடுகிறாள் என்று நினைத்து முதுகில் ஒன்று வைத்தாள். அதற்கப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"என்னடி ஆச்சு? எங்கியாவது வுழுந்தியா?"

தங்கச்சி ரொம்ப மெதுவாகச் சொன்னாள். "நின்னுட்டேம்மா. கொட்டாய்லேர்ந்து வெளிய வர்றப்ப கூட்டமா இருந்துச்சு. கொஞ்ச நேரம் நின்னுட்டேன்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "மூக்கணாங்கவுறுன்னு சொன்னேனே. என் வாயிதான். என் வாயிதான்" என்று வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

பிள்ளை பயந்துவிட்டது என்று தெருவே முடிவுகட்டியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், இருட்டிலேயே உட்கார வைத்துப் பேயைக் காட்டினால்? டீச்சர் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்தார். "ஏம்மா, இது பயம் இல்ல. சாமி கும்பிடுங்க, கயிறு கட்டுங்க, நான் வேணாங்கல. ஆனா நாளைக்கே திருச்சி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

கல்யாணமாகாத டீச்சர். அம்மா விடுவாளா? "தலைச்சம் புள்ளக்காரி எடச்சம் புள்ளக்காரிக்கு வைத்தியம் சொன்னாளாம். நீங்க தலைச்சனே பெக்கலீங்களே டீச்சர். கூட்டிட்டுப் போயி படத்தக் காட்டுனதே நீங்கதான்!"

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் தெருமுனை சேரும்வரை முதுகு நிமிர்ந்துதான் இருந்தது. அப்புறம் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தது எனக்குத் தெரிந்தது.

மந்திரிக்கிறவர் எங்கள் ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். பகலில் பஞ்சர், பொழுது சாய்ந்தால் விபூதி. தங்கச்சியின் நாடியைப் பிடித்துப் பார்த்தார், வேப்பிலையால் தடவினார். பிறகு கேட்டார்:

"எதப் பாத்து பயந்துச்சு தாயி?"

இது எங்கள் பக்கத்து முறை. நாயைப் பார்த்துப் பயந்தால் அந்த நாயின் மயிரைக் கொண்டுவந்து புகை போடுவார்கள். புளியமரத்தடியில் பயந்தால் அந்த மரத்தடி மண்ணை எடுத்து வந்து சுற்றிப் போடுவார்கள். பயந்த பொருளிலிருந்து ஒரு துணுக்கு வேண்டும். அதைத் தொட்டுத் தண்ணீர் கொடுத்து, தாயத்தில் அடைத்துக் கட்டினால் பயம் தெளியும்.

"சினிமாவப் பாத்துங்க" என்றார் அப்பா.

மந்திரிக்கிறவர் வேப்பிலையைக் கீழே வைத்தார். இதுவரை நாய், மாடு, பாம்பு, ரோடு ரோலர் வரைக்கும் பார்த்துவிட்டார். சினிமா புதுசு. "அதுலேர்ந்தும் ஒரு துண்டு கெடைக்குமில்ல? பிலிமுன்னு ஒண்ணு ஓடுமே. ஒரு முழம் வாங்கிட்டு வாங்க."

மறுநாள் வெயிலில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கொட்டாய்க்குப் போனாள். பகலில் பார்த்தால் அது கொட்டாயே இல்லை. கிழிந்த படுதா, கடலைத் தொலி, காலால் கலைந்த மணல், அவ்வளவுதான். பெட்டி அறையில் ஆபரேட்டர் உட்கார்ந்து அறுந்த பிலிமை ஒட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பசை, கனிந்து அழுகிய வாழைப்பழ வாசம் அடித்தது. இன்றைக்கும் வாழைப்பழம் கறுத்துப்போனால் என்னால் வாயில் வைக்க முடியாது.

"படம் பொழுது சாஞ்சாத்தாங்க்கா" என்றார், தலை நிமிராமல்.

"படம் பாக்க வல்ல தம்பி. படம் வாங்க வந்தோம்."

"வாங்குறதா?" சிரித்தார். "பெட்டியோட வேணுமா, சில்லறையாவா?"

"ஒரு முழம்."

சிரிப்பு நின்றது. அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். வேர் இறங்குகிற இடம் வேண்டும், அதைப் பார்த்துத்தான் பயந்தாள் என்றாள். ஆபரேட்டர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"இது கம்பெனி சொத்துக்கா. அளந்து குடுத்து அளந்து வாங்குவாங்க."

"அண்டாச் சோத்துல ஒரு பருக்கை தம்பி. யாருக்குத் தெரியப் போவுது?"

அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "எனக்கு இதெல்லாம் நம்பிக்கை கெடையாது. இருந்தாலும் ஒண்ணு சொல்றேன். பயந்ததப் போயி எதுக்குக்கா புள்ள கால்ல கட்டுற? கடைசி ரீல்ல பாப்பா காலத் தூக்கி வைக்கும்ல, அந்த எடத்தத் தரேன். கட்டுறதுதான் கட்டுற, நல்லதாக் கட்டு."

அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நீ நல்லா இருப்பப்பா. ஒன் கை சோத்துக்குத் தாழாது."

அவர் ரீலைப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துத் தேடினார். "இந்தா, இங்கதான் ஆரம்பிக்குது. யார் முழம்? எம் முழமா, ஓம் முழமா?" என்று கேட்டுவிட்டு அம்மாவின் கையை நீட்டச் சொன்னார். முழங்கையிலிருந்து நடுவிரல் வரைக்கும் வைத்துக் கத்தரித்தார். காசு வாங்கவில்லை. பூக்காரி மாதிரி ஒரு விரற்கடை கூடவே விட்டார்.

அந்த முழத்தைத் தண்ணீரில் தொட்டுத் தங்கச்சிக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். மந்திரிக்கிறவர் அதை இறுக்கிச் சுருட்டி, பெரிய செப்புக் குழாயில் போட்டு, அரக்கு வைத்து அடைத்து, வலது கணுக்காலில் கறுப்புக் கயிற்றால் கட்டினார். "பாப்பா நடந்த துண்டுடி இது. நீயும் நடந்துருவ" என்றாள் அம்மா. தங்கச்சி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

நல்லது காதோடு போகும், கெட்டது காற்றோடு போகும் என்பார்கள். இது இரண்டாகவும் போனது. காலு வராத பிள்ளை எங்கள் வூட்டில் மட்டும் இல்லை. அந்த வருஷம் சுற்றுவட்டாரத்தில் இன்னும் பல வூடுகளில் இருந்தது. இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி செந்துறையிலிருந்து வந்தாள். கீழப்பழுவூரிலிருந்து ஒருத்தி. அந்தப் படத்தைப் பார்க்காத பிள்ளைகளுக்கும் கேட்டார்கள். பயத்துக்கு மருந்தாக வாங்கப்போன சாமான், காலுக்கு மருந்தாகிவிட்டது. எங்கள் அம்மாவே இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டுபோய் விட்டாள். ஆபரேட்டர் முதலில் மாட்டேன் என்றிருக்கிறார். அப்புறம், "ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பா?" என்று அவர்கள் கேட்டதும் கத்தரிக்கோலை எடுத்திருக்கிறார். படம் அடுத்த கொட்டாய்க்குப் போனபோது சேதியும் கூடவே போனது. அங்கேயும் ஒரு ஆபரேட்டர், அங்கேயும் அம்மாக்கள்.

திருச்சிக்கும் போனோம். தாமதமாகத்தான் போனோம். டாக்டர் சுத்தியால் முட்டியைத் தட்டினார். கால் சும்மா கிடந்தது. "இளம்பிள்ளை வாதம்" என்றார். அப்பா கேட்டார்: "முன்னாடியே வந்திருந்தா சரியாயிருக்குங்களா?"

"முன்னாடி வந்திருந்தாலும் இதாங்க. வந்தப்பறம் இதுக்கு மருந்து கெடையாது."

வேறு யாராவது இதைக் கேட்டு ஆறுதல் அடைந்திருப்பார்கள். அப்பாவுக்கு, தப்பு செய்தோம் என்று அழக்கூட இடமில்லாமல் போயிற்று. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். அம்மா மட்டும், "டாக்டருக்கு என்ன தெரியும், அவரு படிச்சது வெள்ளக்காரன் காலு" என்றாள்.

யாரோ சொன்னார்கள் என்று அப்பா வாசலில் குழி வெட்டினார். ஆற்றுமணலை வண்டியில் கொண்டுவந்து கொட்டி, வெயிலில் சூடாக்கி, காலையில் தங்கச்சியை அதற்குள் நிறுத்தி இடுப்பு வரைக்கும் மணலைத் தள்ளி மூடுவார்கள். காலுக்கு முறுக்கு ஏறுமாம். அப்போது இப்படி மணலில் நின்ற பிள்ளைகளை நம்மில் எத்தனையோ பேர் பார்த்திருப்போம். மணல் பிடித்துக்கொள்வதால் அவள் நேராக நிற்பாள். தலைக்கு எண்ணெய் வைத்து, பூ வைத்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பாள். அது அந்தப் படத்தில் வந்த காட்சியேதான் என்று எங்கள் வூட்டில் யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது.

"இப்ப எலி வரும்க்கா" என்பாள்.

பயமில்லை அவளுக்கு. அதுதான் கொடுமை. முடிவு தெரிந்த கதையில் நிற்கிறவள் மாதிரி நின்றாள். அவளுக்கு இருந்தது ஒரே ஒரு சந்தேகம்.

"அக்கா, பாப்பா மொதல்ல எந்தக் காலத் தூக்கிச்சு?"

எனக்கு ஞாபகமில்லை. வலது என்றேன். என் சிநேகிதி இடது என்றாள். அப்பாவைக் கேட்டாள், அவர் படமே பார்க்கவில்லை. மேனேஜரிடம் ஆள் விட்டுக் கேட்டோம். "நான் மைக்கத்தான் பாத்தேன், காலப் பாக்கல" என்றாராம். தங்கச்சி ஒரு நாள் வலதைப் பார்த்துக்கொண்டு மூச்சைப் பிடிப்பாள், மறுநாள் இடதைப் பார்த்து. முகம் சிவந்துபோகும். "எந்தக் காலுன்னு தெரிஞ்சா போதும்க்கா. தூக்கிருவேன்."

ஒரு நாள் டீச்சர் வந்தார். அம்மா பேசவில்லை, ஆனால் உட்காரப் பலகை போட்டாள். தங்கச்சி மணலில் நின்றபடியே கேட்டாள்: "டீச்சர், புஸ்தகத்துல எந்தக் காலுன்னு போட்டிருக்கு?"

டீச்சர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது போடல. ஆனா நடந்து வூட்டுக்குப் போயிட்டான்னு போட்டிருக்கு."

அந்தப் புத்தகம் ரொம்ப வருஷம் கழித்து, ஒரு பழைய புத்தகக் கடையில் எனக்குக் கிடைத்தது. அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். புத்தகத்தில் எலிகள் வருகின்றன, முயல்கின்றன, முடியாமல் போய்விடுகின்றன. அந்தப் பெண் மரமாகவே நின்றுவிடுகிறாள். அவள் அம்மா தினமும் வந்து அந்த நிழலில் உட்கார்ந்துவிட்டுப் போகிறாள். அதோடு முடிகிறது. பிள்ளைகள் அழுமே என்று படக்காரர்கள் நடக்க வைத்திருக்கிறார்கள். பிள்ளை அழுமே என்று டீச்சரும் நடக்க வைத்துவிட்டார். யாரைக் குற்றம் சொல்ல?

தை பிறந்த பிறகு, அதே படம் பெரம்பலூரில் ஓடுவதாகச் சேதி வந்தது. கட்டடத் தியேட்டர், மேட்னி உண்டு. அப்பா குவாரியில் சொல்லிவிட்டு வந்தார். "எந்தக் காலுன்னு பாத்துட்டே வந்துருவோம்டா" என்றார். அம்மா அவளுக்குப் பொங்கலுக்கு எடுத்த கவுனைப் போட்டுவிட்டாள். நீலச் செருப்பையும் எடுத்துப் பையில் வைத்தாள். "எதுக்கு?" என்றேன். "வரும்போது வேணுமில்ல" என்றாள்.

அரியலூர் போய் பஸ் மாறி, பெரம்பலூரில் இறங்கினோம். அப்பா அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். தியேட்டர் வாசலிலேயே எனக்கு என்னவோ போல இருந்தது. உள்ளே போனதும் தெரிந்தது. எங்களைப் போலவே ஆட்கள். இடுப்பில் பிள்ளை, தோளில் பிள்ளை, தொங்குகிற கால்கள். கணுக்காலில் கறுப்புக் கயிறு, செப்புக் குழாய். ஒரு அம்மா எங்கள் அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தாள். கோயிலில் பார்த்துக்கொள்கிற மாதிரி.

இங்கே மைக் இல்லை. தங்கச்சிதான் கதை சொன்னாள், அப்பாவின் காதில். "இப்ப நின்னுருவா பாருங்க. இப்ப வேர் வுடும்." இந்தத் தடவை அவள் அலறவில்லை. மழை வந்தது, பனி வந்தது, குருவி கூடு கட்டியது. எலிகள் வந்தன. தங்கச்சி அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். தியேட்டரில் இருந்த அம்மாக்கள் எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள்.

எலி வேரைக் கடிக்கிறது. மண் பறக்கிறது. படக்கென்று ஒரு குதி.

பாப்பா வூட்டு வாசலில் அம்மாவைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். பாட்டு. முடிந்துவிட்டது.

முன் வரிசைப் பையன்கள் விசில் அடித்தார்கள். "டேய், கட் பண்ணிட்டான்டா!" என்று கத்தினார்கள். விளக்கு எரிந்தது. பிள்ளைகளைத் தூக்கி வந்த யாரும் எழுந்திருக்கவில்லை.

"அப்பா, நடந்துட்டாளா?"

"நடந்துட்டாடா."

"எப்ப?"

அப்பா அவளை என் மடியில் வைத்துவிட்டு மாடிக்கு ஓடினார். அவளைத் தூக்கிக்கொண்டு நானும் அம்மாவும் படிக்கட்டு வரைக்கும் போனோம். மேலே சத்தம் கேட்டது. "நொண்டிப் புள்ளையத் தூக்கிட்டு எம்மாந்தூரத்துலேர்ந்து வரோம், அந்த ஒரு எடத்தப் போயி வெட்டிருக்கியே, நீயெல்லாம் மனுசனாய்யா?"

அந்த ஆபரேட்டர் திருப்பிக் கத்தவில்லை. "எங் கைக்கு வரும்போதே இப்படித்தாங்க இருந்துச்சு. வர்ற வழியெல்லாம் துண்டு துண்டா வெட்டி எடுத்திருக்கானுவ. எதுக்கு வெட்டுனானுவளோ, அதுல என்னத்தக் கண்டானுவளோ, தெரியலீங்க."

அம்மா படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தில் ஒரு சொலவடைக்காக நான் காத்திருந்தேன். வரவில்லை. அன்றைக்கு வரவில்லை, அப்புறமும் வரவில்லை. எங்கள் அம்மா அதற்குப் பிறகு ரொம்ப வருஷம் இருந்தாள். "சாப்பிடு", "தண்ணி ஊத்து", "மழை வருது", இவ்வளவுதான் பேசினாள். அவளுடைய சொலவடைகளை இப்போது நான்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தபோது தங்கச்சி குனிந்து கணுக்காலில் எதையோ செய்துகொண்டிருந்தாள். கயிற்றை அவிழ்த்து, குழாயின் அரக்கைப் பல்லால் கடித்து எடுத்துவிட்டாள். பிலிம் சுருள் வெளியே வந்தது. மேற்கே இறங்குகிற வெயிலில் அதை நீட்டிப் பிடித்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மேலிருந்து கீழே ஒவ்வொரு கட்டமாக, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே பார்த்தாள்.

"அக்கா, நீ பாரு. எனக்குத் தெரியல."

வாங்கிப் பார்த்தேன். நகத்தளவு நகத்தளவாகப் பாப்பாக்கள். முதல் கட்டத்தில் பாப்பா நிற்கிறாள், இரண்டு காலும் மண்ணுக்குள். அடுத்ததிலும் நிற்கிறாள். கடைசிக் கட்டத்துக்குப் போனேன். பாவாடை ஓரம் இம்மியளவு நகர்ந்திருந்தது. காலைச் சுற்றி மண் லேசாக வெடித்திருந்தது. இரண்டு காலும் மண்ணுக்குள்தான்.

"எல்லாத்துலயும் நிக்கத்தான் நிக்கிறா" என்றாள் தங்கச்சி. "அடுத்த துண்டு யாரு கால்லக்கா இருக்கு?"

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டில் ஆங்காங்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தி துறையூர் பஸ்ஸில் ஏறினாள், ஒருத்தி அரியலூர் பஸ்ஸில். பாப்பா தூக்கிய கால் ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறிப் போனது. அது வலதா, இடதா என்று எங்களுக்குத் தெரியவே இல்லை.

நீலச் செருப்பு பையிலேயே திரும்பி வந்தது.

மறுநாள் காலையில் அப்பா வேலைக்குப் போகவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். குழியின் கரையில் குவித்திருந்த மண்ணை உள்ளே தள்ள ஆரம்பித்தார். சட்டை போடாத முதுகு. குளித்ததில் சுண்ணாம்புத் தூளெல்லாம் போயிருந்தும், நரைத்த மாதிரி இமை வெள்ளையாகத்தான் இருந்தது. அம்மா அடுப்பங்கரையிலிருந்து வெளியே வரவில்லை.

தங்கச்சி வாசற்படியில் உட்கார்ந்து, பிலிமை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மண் விழுகிற சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

"குழிய மூடிட்டா எலி எப்புடிப்பா வரும்?"

அப்பா நிமிரவில்லை. மண்ணைத் தள்ளிக்கொண்டே இருந்தார்.